கேட்காத எட்டாவது கேள்வி

ஜனவரி 12

அன்புள்ள பதிவாளரம்மாவுக்கு,

நான் நலம். நீயும் பெரியவளும் நலம்தானே? ஃபோனில் வீட்டுக்காரியம், கடிதத்தில் நம் காரியம் என்று கல்யாணமான புதிதில் நீ போட்ட சட்டத்தை இன்றுவரை மீறாதவன் நான். ஆகவே ஸ்கூல் ஃபீஸ், தண்ணீர் மோட்டார் எதுவும் இதில் வராது.

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆணையத்துக்கு இன்னும் ஆறு மாதம் நீட்டிப்பு. இது மூன்றாவது. படகு கவிழ்ந்து முப்பத்துநாலு பேர் செத்ததற்கு யார் பொறுப்பு என்று ஆறே மாதத்தில் சொல்லிவிடுவார்கள், நீ கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்றுதான் என்னைக் கருவூலத்திலிருந்து இரவல் வாங்கி வந்தார்கள். இரவல் கொடுத்த பொருள் எப்போது திரும்பியிருக்கிறது?

இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பழைய கட்டடத்தில்தான் இன்னும் இருக்கிறோம். லிஃப்ட் இரண்டாவது மாடியில் நிற்காது. மூன்றாவதுக்குப் போய் ஒரு மாடி இறங்கி வர வேண்டும். படகுக் கம்பெனியின் வக்கீல்கள் நாலு பேர் அப்படி இறங்கி வந்து, உட்கார்ந்து, எழுந்து, "அவகாசம் வேண்டும்" என்று கேட்டுவிட்டு, மறுபடி ஏறிப் போய்விடுகிறார்கள். நீதிபதி நல்ல மனிதர். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாது.

சுருக்கெழுத்தாளர் அம்மா இல்லாவிட்டால் இந்த இடம் எப்போதோ படுத்திருக்கும். சாட்சிகள் அழுதுகொண்டே பேசினால் நமக்கு ஒரு வார்த்தை புரியாது, சுருக்கெழுத்தாளர் ஒன்றைக்கூட விடமாட்டார். நேற்று ஒரு வக்கீல் தான் சொன்னதையே மறுத்தார். சுருக்கெழுத்தாளர் நோட்டைத் திருப்பி அப்படியே வாசித்தார், குரலை உயர்த்தாமல். வக்கீல் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மத்தியானம் சாப்பிடும்போது அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம், சுருக்கெழுத்தாளர் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவருகிறார். ஊறுகாய் நன்றாக இருக்கும்.

உன்னையும் பெரியவளையும் நினைத்துக்கொண்டே இருக்கும்,
இரவல் மனிதன்

*

ஜனவரி 20

அன்புள்ள இரவல் மனிதருக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். ஒரு தடவை செய்திக்காக, ஒரு தடவை எண்ணுவதற்காக. சுருக்கெழுத்தாளர் நாலு இடத்தில் பெயரோடு வருகிறார், ஊறுகாயில் மறைமுகமாக வருகிறார். பெரியவள் இரண்டு இடத்தில், இரண்டிலும் என்னோடு ஒட்டிக்கொண்டு. நான் கவுன்ட்டரில் உட்கார்ந்து பிறப்பையும் இறப்பையும் எண்ணுகிறவள், எண்ணாமல் இருக்கச் சொன்னால் முடியாது.

வயது எழுதவில்லையே? கல்யாணமானவரா என்று எழுதவில்லையே? இரண்டையும் மறந்துவிட்டீர்கள் போல. குரலை உயர்த்தாமல் வாசிப்பார் என்பது மட்டும் ஞாபகம் இருந்திருக்கிறது. நான் குரலை உயர்த்துகிறவள் என்பதும் கூடவே ஞாபகம் வந்திருக்கும்.

சுருக்கெழுத்தில் சுருக்கு இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒன்றும் புதிதில்லை. இன்று மதியத்துக்குள் மூன்று பிறப்பு, ஒரு இறப்பு. பெரியவள் ஜியாமெட்ரியில் நாற்பத்தொன்று. "அப்பா எப்ப வருவாரு?" என்றாள். ஆணையம் முடிந்ததும் என்றேன். "அது முடியறதுக்குள்ள நான் காலேஜ் முடிச்சிடுவேன்" என்றாள். சிரிப்பாகத்தான் சொன்னாள்.

மாமியார் செய்த ஊறுகாய் இங்கே அப்படியே இருக்கிறது. பூஞ்சை பிடிப்பதற்குள் வரவும்.

உங்கள்
பதிவாளரம்மா

*

பிப்ரவரி 6

அன்புள்ள பதிவாளரம்மாவுக்கு,

நாற்பத்திரண்டு வயது. கணவர் இறந்துவிட்டார். போதுமா? கேட்டிருந்தால் முன்பே எழுதியிருப்பேன்.

நீ விளையாட்டாக எழுதினாயா, வினையாக எழுதினாயா என்று எனக்கே தெரியவில்லை. பதினாறு வருஷமாகியும் உன் எழுத்தில் அது மட்டும் பிடிபடவில்லை.

இந்த வாரம் ஐந்து நாளும் ஒத்திவைப்பு. ஒரு நாள் மூத்த வக்கீலுக்குக் காய்ச்சல், ஒரு நாள் அவர் ஜூனியருக்கு வேறு கோர்ட். நாங்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்து, ஃபேனைப் பார்த்துவிட்டு எழுந்து போகிறோம். அக்கரையிலிருந்து சாட்சி சொல்ல வந்தவர்கள் மட்டும் போவதில்லை. மறுநாளாவது கூப்பிடுவார்களா என்று படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மாதக் கடைசியில் வருவதாகச் சொன்னேன் அல்லவா, அது முடியாது. நீதிபதி படகுத்துறையை நேரில் பார்க்கப் போகிறார். வாகனம், போலீஸ், அனுமதி எல்லாம் என் தலையில். கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்,
இரவல் மனிதன்

*

பிப்ரவரி 27

அன்புள்ளவருக்கு,

இன்றைய பேப்பரில் ஆணையம் படகுத்துறையைப் பார்வையிட்ட படம் வந்திருக்கிறது. ஆபீஸில் எல்லோரும் "உங்க வீட்டுக்காரரு, உங்க வீட்டுக்காரரு" என்று கொண்டுவந்து காட்டினார்கள். ரொம்பப் பெருமையாக இருந்தது.

நீதிபதி தண்ணீரைப் பார்க்கிறார். வக்கீல்கள் கேமராவைப் பார்க்கிறார்கள். நீங்கள் குடை பிடித்திருக்கிறீர்கள். குடைக்குக் கீழே நீங்கள் இல்லை, நோட்டோடு உங்கள் சுருக்கெழுத்தாளர். உங்கள் இடது தோள் முழுக்க நனைந்திருக்கிறது, படத்திலேயே தெரிகிறது.

அழகாகத்தான் இருக்கிறார். அதையும் நீங்கள் எழுதவில்லை.

பதினாறு வருஷத்தில் நாம் இரண்டு பேரும் எத்தனை மழையில் போயிருப்போம். நீங்கள் முன்னால் விறுவிறுவென்று நடப்பீர்கள். நான் பையையும் பிள்ளையையும் குடையையும் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிவருவேன். குடை பிடிக்கத் தெரியாத மனிதர் என்று நினைத்திருந்தேன்.

பதில் எழுத வேண்டாம். எழுதினால் அதிலும் எண்ணுவேன்.

*

மார்ச் 2

குடை நோட்டுக்கு. நனைந்தால் மூன்று பேருடைய வாக்குமூலம் போயிருக்கும்.

நீ நினைப்பது தவறு.

*

மார்ச் 22

அனுப்புநர்: நிர்வாக, கணக்கு அலுவலர், படகு விபத்து விசாரணை ஆணையம்
பெறுநர்: மனுதாரர்

பொருள்: ஆணையத்தின் செலவு விவரம் கேட்டு மார்ச் 5 தேதியிட்ட மனு

அம்மையீர்,

தகவல் கேட்கும் உரிமையின் கீழ் தாங்கள் எழுப்பிய ஏழு கேள்விகளுக்குப் பின்வருமாறு பதில் அளிக்கப்படுகிறது.

1. ஆணையம் தொடங்கிய நாளிலிருந்து மொத்தச் செலவு: நான்கு கோடியே பன்னிரண்டு லட்சம்.
2. இதில் கட்டட வாடகை: எழுபத்தாறு லட்சம்.
3. ஆணையத்தின் வழக்கறிஞர்களுக்குக் கட்டணம்: ஒரு கோடியே தொண்ணூறு லட்சம்.
4. அமர்வு நடந்த நாட்கள் 61. ஒத்திவைக்கப்பட்ட நாட்கள் 88. ஒத்திவைக்கப்பட்ட நாட்களுக்கும் கட்டணம், வாடகை, வாகனச் செலவு உண்டு.
5. பணியாளர் ஊதியம், வாகனம், தபால், எழுதுபொருள்: ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சம்.
6. அலுவலர்கள் விடுதியில் தங்கிய விவரம், அறை வாரியாக: நீதிபதி, அறை 201, தொடக்கம் முதல் இன்றுவரை. நிர்வாக, கணக்கு அலுவலர், அறை 207, சென்ற ஜூலை 31 வரை. அதன்பின் விடுதிச் செலவு இல்லை. சுருக்கெழுத்தாளர், உள்ளூர்வாசி, விடுதிச் செலவு இல்லை. இவ்விரு அறைகளுக்கும் மொத்தம் பதினோரு லட்சத்து அறுபதாயிரம்.
7. இதரச் செலவு: ஆறு லட்சத்து நாற்பதாயிரம்.

இப்பதிலில் நிறைவில்லையெனில் முப்பது நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

(ஒப்பம்)
நிர்வாக, கணக்கு அலுவலர்

[அடியில், பேனாவால்:]

மனுவில் உன் அப்பா வீட்டு முகவரியைப் போட்டிருந்தாய். ஆனால் 'ழ'வுக்கு இவ்வளவு நீள வால் போடுகிறவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். இந்த வேலையில் நான் பொய் பதில் கொடுக்க முடியாது, கொடுக்கவும் இல்லை. ஆறாவது பதிலைப் பற்றி நேரில் சொல்கிறேன். அதுவரை முடிவு கட்டிவிடாதே.

*

ஏப்ரல் 1

நிர்வாக, கணக்கு அலுவலர் அவர்களுக்கு,

ஜூலை 31 வரை அறை 207. அதன்பின்?

செப்டம்பரில் நீங்கள் எழுதிய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். "அறை ஜன்னலைத் திறந்தால் துறைமுகம் தெரிகிறது, கப்பல் விளக்குகளை எண்ணிக்கொண்டே தூங்கிவிடுகிறேன்" என்று இருக்கிறது. எந்த அறை? யார் வீட்டு ஜன்னல்? எட்டு மாதமாக ஒரு மனிதர் எங்கே தூங்குகிறார் என்று அவர் மனைவி அரசாங்கத்துக்கு மனுப் போட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அதிலும் தெரியவில்லை. "உள்ளூர்வாசி" என்பது மட்டும் தெரிகிறது.

நேரில் சொல்கிறேன் என்கிறீர்கள். நேரில் சொல்லக்கூடிய விஷயத்தைக் கடிதத்தில் சொல்ல முடியாதென்றால் அது என்ன விஷயம் என்று எனக்குத் தெரியும்.

முந்தாநாள் தம்பி வந்திருந்தான். உங்கள் பதில் மேசைமேல் கிடந்தது. பத்திரிகைக்காரன் அல்லவா, காகிதத்தைக் கண்டால் கை சும்மா இருக்குமா?

"அக்கா, நாலு கோடியா? ஒரு பக்கம்கூட ரிப்போர்ட் வரலையே" என்றான்.

"வரல."

"இத நான் காப்பி எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கோ."

"மாமாவுக்கு ஏதும் பிரச்சினை வராதுல்ல?"

"வந்தா வீட்டுக்கு வந்துடுவாரு" என்றேன்.

இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. எனக்கு மறைக்கும் பழக்கம் இல்லை.

மனுதாரர்

*

ஏப்ரல் 28

பதிவாளரம்மாவுக்கு,

நீ கேட்டபடியே நடந்துவிட்டது. ஆணையத்தை மூடிவிட்டார்கள்.

உன் தம்பி எழுதியதில் ஒரு வரி பொய் இல்லை. "முப்பத்துநாலு உயிர், நாலு கோடி, அறிக்கை ஒரு பக்கம் இல்லை" என்று தலைப்பு. மறுநாள் எல்லாப் பேப்பரிலும் அதே. பதினோராவது நாள், மக்கள் பணம் வீணாவதை அரசு அனுமதிக்காது என்று உத்தரவு வந்தது. படகு ஓடத் தகுதியானது என்று கையெழுத்துப் போட்ட இன்ஸ்பெக்டர் அடுத்த செவ்வாய்க்கிழமை கூண்டில் ஏறியிருக்க வேண்டும். பத்தொன்பது மாதமாக அந்தச் செவ்வாய்க்கிழமைக்காகத்தான் உட்கார்ந்திருந்தோம். கம்பெனியின் மூத்த வக்கீல் வந்து எல்லோருக்கும் கை கொடுத்தார். "உங்களுக்கும் ரெஸ்ட் வேணும்ல சார்" என்றார்.

நீ ஏழு கேள்வி கேட்டாய். எட்டாவதாக ஒன்று கேட்டிருக்கலாம்: ஒத்திவைப்புக் கேட்டது யார்? எண்பத்தெட்டில் எழுபத்தொன்று அந்தக் கம்பெனி கேட்டது. கேட்ட கேள்விக்கு மட்டும்தான் நான் பதில் சொல்லலாம். கேட்காததைச் சேர்த்து எழுத எனக்கு அதிகாரம் இல்லை. மூன்று நாள் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மனைவிக்குத்தானே எழுதுகிறோம், ஒரு வரி சேர்த்தால் என்ன என்று. சேர்க்கவில்லை. அது என் தப்பா, சரியா என்று இன்னும் தெரியவில்லை.

இப்போது அறை 207.

வக்கீல்களுக்குக் கட்டணம், காபி, கார் எல்லாவற்றுக்கும் எங்கள் பட்ஜெட்டில் தலைப்பு உண்டு. சாட்சிகளுக்கு பஸ் கட்டணம் மட்டும். தங்குவதற்குத் தலைப்பு கிடையாது. அக்கரையிலிருந்து வந்தவர்கள் ஒத்திவைத்தால் பஸ் ஸ்டாண்டில் படுத்துக்கொள்வார்கள். போன ஜூலையில் மகனைப் பறிகொடுத்த ஒரு பெரியவர், மூன்று நாள் அப்படிக் கிடந்துவிட்டு வந்து, சாட்சி நாற்காலியில் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். "சாட்சிக்கே அக்கறை இல்லை என்பதைப் பதிவு செய்ய வேண்டும்" என்றார் வக்கீல். சுருக்கெழுத்தாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நீதிபதியைப் பார்த்தார். "இத நான் எழுதணுமா சார்?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் என்னிடம் வந்து, "உங்க ஒருத்தர் ரூம் வாடகையில பின்னாடி இருக்கற லாட்ஜுல ரெண்டு ரூம் எடுக்கலாம் சார், விசாரிச்சுட்டேன்" என்றார். நீதிபதி ஒப்புக்கொண்டார். நான் அறையைக் காலி செய்தேன். அந்தப் பணம்தான் ஏழாவது பதிலில் இருக்கும் இதரச் செலவு. ஆவண அறையில் ஒரு மடக்குக் கட்டில் போட்டுக்கொண்டேன். துறைமுகம் தெரிவது அந்த ஜன்னலில்தான்.

இதை ஏன் உனக்கு எழுதவில்லை என்று கேட்பாய். யோசனை அவருடையது என்பதால். எழுதினால் நீ எண்ணுவாய் என்பதால். இன்னொன்றும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். நீ நினைத்தது எதுவும் நடக்கவில்லை. ஆனால் நினைத்ததற்கு இடமே இல்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. அவர் இருக்கும் அறைக்குள் போகும்போது சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். ஒரு வருஷமாகச் சரிசெய்துகொண்டேன். குடை நோட்டுக்கு என்று நான் எழுதியது பாதி உண்மை.

கோப்புகளை ஒப்படைத்துவிட்டு ஜூன் முதல் வாரம் வருகிறேன். சமாதானமாகிவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. எனக்கு வேறு வீடு இல்லை.

இப்படிக்கு,
நான்

*

ஜூன் 29

அன்புள்ள உங்களுக்கு,

இந்தக் கடிதத்துக்கு ஸ்டாம்பு இல்லை. நான் சமையலறையில் இருந்து எழுதுகிறேன், நீங்கள் ஹாலில் பெரியவளுக்கு ஜியாமெட்ரி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் வந்து மூன்று வாரம் ஆகிறது. சாப்பாடு ஆச்சா, ஆச்சு, கரண்ட் பில் கட்டியாச்சா, கட்டியாச்சு. வீட்டுக்காரியம் எல்லாம் பேசிவிட்டோம்.

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை என் கவுன்ட்டருக்கு ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. கணவர் நம் ஊர்க்காரர், வேலைக்காக அக்கரை போனவர், அந்தப் படகில் இருந்தவர். முப்பத்துநாலு என்று நாம் எல்லோரும் சொல்கிறோம், கிடைத்த உடல்கள் முப்பத்துமூன்றுதானாம். எனக்கு அன்றுதான் தெரிந்தது. இறப்புச் சான்றிதழ் கேட்டு வந்திருந்தாள்.

"ரிப்போர்ட் வந்தா அத வெச்சு வாங்கிக்கலாம்னு சொல்லியிருந்தாங்கம்மா."

"ரிப்போர்ட் வராதும்மா. ஆணையத்த மூடிட்டாங்க."

"ஏன்?"

"செலவு ஜாஸ்தியாயிடுச்சாம்" என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

அவளுக்குக் கோபமெல்லாம் இல்லை. "எங்களுக்குன்னு பெருசா ஒண்ணும் செலவு பண்ணலையேம்மா. சாட்சி சொல்ல வந்தப்ப லாட்ஜுல ரூம் குடுத்தாங்க. கதவுக்குத் தாழ்ப்பா இருந்துச்சு. அவரு போனதுக்கப்புறம் அன்னிக்குத்தான் தூங்குனேன்" என்றாள்.

உடல் கிடைக்காவிட்டால் விசாரணை அறிக்கை வேண்டும், அல்லது கோர்ட் உத்தரவு வேண்டும், இரண்டும் இல்லையென்றால் ஏழு வருஷம் காத்திருக்க வேண்டும். சட்டம் எனக்கு மனப்பாடம். அவள் மனுவின் மேல் 'நிராகரிக்கப்படுகிறது' என்று என் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தேன். 'நன்றிம்மா' என்று வாங்கிக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலமே தம்பியைக் கூப்பிட்டேன். எழுபத்தொன்று என்ற கணக்கை எழுது என்றேன். "அக்கா, அது இப்ப நியூஸ் இல்ல" என்றான். நான் கத்தினேன். குரலை உயர்த்தாமல் பேச இந்த ஜென்மத்தில் எனக்கு வராது போல. அவனும் ஒன்றும் செய்ய முடியாது என்றான்.

அதன்பிறகு உங்கள் சுருக்கெழுத்தாளருக்கு நானே எழுதினேன். நான் யார் என்பதை மறைக்கவில்லை. பேப்பருக்குச் செய்தி போனது என் வீட்டிலிருந்துதான் என்பதையும் எழுதினேன். அந்தப் பெண்ணின் கணவர் படகில் ஏறியதைக் கண்ணால் பார்த்த டிக்கெட்காரரின் வாக்குமூலம் வேண்டும், கோர்ட்டில் கேட்க வேண்டும் என்றேன். பதில் வராது என்றுதான் நினைத்தேன். நான் அவர் இடத்தில் இருந்தால் போட்டிருக்க மாட்டேன்.

ஆறாவது நாள் வந்தது. நாற்பத்தொரு பக்கம், சுத்தமாக டைப் செய்து. பழைய இலாகாவுக்கே திரும்பிப் போய்விட்டார் போல, உறையில் புது முகவரி இருக்கிறது. எனக்கு ஒரு வரிதான்: "பக்கம் 17-இல் அவர் சட்டையின் நிறம்கூட இருக்கிறது, கோர்ட்டில் அதைக் காட்டுங்கள்." ராத்திரி சமையல் செய்யாமல் நாற்பத்தொரு பக்கத்தையும் படித்தேன். அன்றைக்குக் கடையிலிருந்து வாங்கிச் சாப்பிட்டோமே, அதற்குக் காரணம் தலைவலி இல்லை.

வெறும் செலவு என்று நான் நினைத்தது இதுதானா என்று இருந்தது. இந்த மாதிரி எத்தனை ஆயிரம் பக்கம் இருக்கும்? எந்த அறையில் பூட்டி வைத்திருக்கிறார்கள்?

கட்டோடு ஒரு சின்ன உறையும் இருந்தது, உங்கள் பெயருக்கு. நான்கு நாளாக என்னிடம்தான் இருக்கிறது. இரண்டு தடவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கெட்டி உறை, ஒன்றும் தெரியவில்லை. நான் மாறிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். வயிறு எரிகிறது, காலர் விஷயத்தை எழுதினீர்களே, அன்றிலிருந்து எரிகிறது. நீங்கள் அதை எழுதாமலே இருந்திருக்கலாம். ஆனால் எழுதாமல் இருந்திருந்தால் நீங்கள் எழுதிய மற்ற எதையும் நான் நம்பியிருக்க மாட்டேன்.

உறையைப் பிரிக்கவில்லை. இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். படித்துக்கொள்ளுங்கள். என்ன எழுதியிருந்தது என்று கேட்க மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது, இன்றைக்குக் கேட்க மாட்டேன்.

நாளைக்கு லீவு போட்டிருக்கிறேன். அந்தப் பெண்ணோடு கோர்ட்டுக்குப் போகிறேன். இந்தப் பக்கங்கள் ஆணையத்தின் பதிவுதான் என்று ஆணையத்தில் வேலை பார்த்த ஒருவர் நேரில் வந்து சொன்னால் நீதிபதி ஏற்றுக்கொள்வார் என்று அவளுக்காக நான் பார்த்த வக்கீல் சொல்கிறார். வந்தால் உங்களை அங்கே குறுக்குக் கேள்வி கேட்பார்கள். பேப்பரில் வந்ததையெல்லாம் எடுத்து நீட்டுவார்கள். அது யாரால் வந்தது என்பதும் வெளியே வரலாம். வரட்டும்.

ஒன்பதரைக்கு பஸ். அவளுக்கும் எனக்கும் டிக்கெட் வாங்கிவிட்டேன். உங்களுக்கு வாங்கவில்லை. வண்டியிலும் கொடுப்பார்கள்.

உங்கள்
பதிவாளரம்மா